புகாரின் வயதும் நமது அவசரமும்

புகாருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. 1960களில் அகழாய்வாளர்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டு என்றார்கள். 2001இல் கிரகாம் ஹான்காக் என்ற ஆங்கில எழுத்தாளர் வங்கக்கடலில் மூழ்கி எழுந்து பதினோராயிரம் ஆண்டுகள் என்றார். 2023இல் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொலையுணர்வு ஆய்வாளர்கள் பதினைந்தாயிரம் என்றார்கள். அறுபது ஆண்டு இடைவெளியில் ஒரு நகரம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் மூத்துவிட்டது. ஒவ்வொரு அறிவிப்பின்போதும் நாம் கைதட்டினோம். எந்தக் குழி, எத்தனையாவது மண்ணடுக்கு, என்ன கிடைத்தது, அதை யார் எங்கே அச்சிட்டார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்பது தமிழுக்குச் செய்யும் துரோகம் என்று ஆகிவிட்டதோ என்னவோ.

எங்கள் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காவிரிப்பூம்பட்டினம் பழமையானதல்ல என்பது எங்கள் வாதமன்று. அதன் உண்மையான பழமை கீழையூரிலும் வானகிரியிலும் வயல்களுக்கடியில் கிடக்கிறது; அதைப் பொறுமையாகத் தோண்டி, எழுதி, படிக்கத் தருவதில் நமக்கு ஆர்வமில்லை. வயது என்ற ஒற்றை எண்ணைத் தவிர வேறெதுவும் நமக்கு வேண்டியிருக்கவில்லை. இந்த ஆர்வமின்மைக்கு அரசாங்கங்களை மட்டும் குற்றஞ்சொல்லித் தப்பிக்க முடியாது. இலக்கியம் படிக்கிறவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாமும் அதில் பங்குதாரர்கள்.

நடந்தது என்ன என்று பார்ப்போம். இந்தியத் தொல்லியல் துறை 1963 முதல் 1973 வரை காவிரிப்பூம்பட்டினத்தில் அகழாய்வு செய்தது. கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. அதையொட்டிப் படகு கட்டுவதற்கான மரத்தூண்கள் நட்டபடியே நின்றன. மரத்தைக் கார்பன்-14 முறைக்கு அனுப்பியதில் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம், ஏறத்தாழ நூறாண்டு முன்பின்னாக, வந்தது. வானகிரியில் நீரைக் கொண்டுவந்து தேக்கும் செங்கற் கட்டுமானம் கிடைத்தது. பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரத்தின் அடித்தளமும், கல்லில் செதுக்கிய புத்தபாதமும் வெளிவந்தன. வெள்ளி முத்திரைக் காசுகள், மணிகள், பானையோடுகள் என்று பட்டியல் நீளும்.

படகுத்துறை என்று ஒரு சொல்லில் கடந்துபோய்விட்டோம். சற்று நின்று யோசித்தால் மயிர்க்கூச்செறியும் விஷயம் அது. பட்டினப்பாலையைப் படித்தவர்களுக்குப் புலி முத்திரை குத்தப்பட்ட பண்டங்கள் மலைபோல் குவிந்து கிடக்கும் காட்சி தெரியும். அந்தப் பண்டம் ஏறியிறங்கிய துறைகளில் ஒன்று இதுவாக இருக்கலாம், அல்லது அதற்கும் முந்தியதாக இருக்கலாம். கவிஞன் சொல்லாத ஒன்றை அந்த மரத்தூண் சொல்கிறது: படகு எந்த உயரத்தில் நின்றது, நீர்மட்டம் எங்கே இருந்தது, ஆறு எந்தப் பக்கம் ஓடியது. இன்று கடலருகே ஓடைபோல் மெலிந்து வந்துசேரும் காவிரியைப் பார்ப்பவர்களுக்கு, கப்பல் சரக்கு உள்ளே வந்த ஆறு இதுதான் என்று நம்ப வைக்கச் செங்கல்லும் மரமும் வேண்டியிருக்கிறது. வெள்ளமெல்லாம் கொள்ளிடத்துக்குப் போய்விட்ட பின்பு செய்யுள் மட்டும் போதாது.

சரி, இந்தப் பத்தாண்டு உழைப்பின் முழு அறிக்கை எப்போது வந்தது? கே.வி. சௌந்தரராஜன் எழுதிய அறிக்கை, தொல்லியல் துறையின் 90ஆம் நினைவேடாக 1994இல், ஆங்கிலத்தில் வெளிவந்தது. இருபத்தோரு ஆண்டுகள். தோண்டியபோது அவ்வூர் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது, அறிக்கை வந்தபோது நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டிருந்தது, இப்போது மயிலாடுதுறை. மாவட்டங்கள் பிரிந்த வேகத்தில்கூட நம் அறிக்கைகள் வருவதில்லை.

இதே 1973இல் இன்னொன்றும் நடந்தது. பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. ஏழு நிலை மாடம், சுவர்களில் கண்ணகி கதை. சுற்றிலும் இலஞ்சி மன்றம், பாவை மன்றம், நெடுங்கல் மன்றம் என்று காப்பியத்திலிருந்து பெயரெடுத்துக் கட்டிய மண்டபங்கள். கலைக்கூடத்தின்மேல் எங்களுக்குக் கோபமில்லை. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போய்ச் சுண்டல் தின்று, வாய்பிளந்து பார்த்தவர்கள்தாம் எங்களில் பாதிப்பேர். ஆனால் கணக்கு இப்படி இருக்கிறது: காப்பியத்தின் கற்பனை நகருக்குக் கட்டடம் தயார், மண்ணுக்கடியிலிருந்த உண்மை நகருக்கு அறிக்கை வர இன்னும் இருபத்தோரு ஆண்டு. இரண்டாவதைப் பற்றி எந்தத் தமிழறிஞரும் மேடையேறி முழங்கியதாக எங்கள் நினைவில் இல்லை.

கீழடி விஷயத்தில் மட்டும் நமக்கு ரோஷம் வந்தது, வரவும் வேண்டும்தான். 2014 முதல் 2016 வரை அங்கே நடந்த மத்தியத் தொல்லியல் துறை அகழாய்வின் அறிக்கையை அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அளித்தார். 2025 மே மாதத்தில் திருத்தித் தரும்படி திருப்பி அனுப்பினார்கள். நாடே கொதித்தது. நாங்களும் கொதித்தோம். ஆனால் அந்தக் கொதிப்பில் எவ்வளவு அறிக்கைக்காக, எவ்வளவு அரசியலுக்காக என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. தாமதம்தான் குற்றமென்றால் காவிரிப்பூம்பட்டினத்தின் இருபத்தோரு ஆண்டுகளுக்கு யார் கொதித்தார்கள்? உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை தோண்டியது, கே.வி. ராமனின் நூல் 1988இல் வந்தது. அங்கே தாமதப்படுத்தியது டில்லி அல்ல. நம்மவர்கள் தாமதித்தால் அது தாமதமாகாதா?

‘அகழாய்வு என்றால் அப்படித்தான் நாளாகும்’ என்று ஒரு நண்பர் சொன்னார். பாதி உண்மை. ஈரானின் பெர்சிபோலிஸில் சிகாகோ கீழைத்தேயக் கழகத்தார் 1930களில் தோண்டினார்கள். எரிக் ஷ்மித்தின் மூன்று பெருந்தொகுதிகளும் 1953, 1957, 1970 என்று இழுத்து இழுத்துத்தான் வந்தன. அங்கே 1933இல் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் கண்டெடுத்த ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகளில் இரண்டாயிரத்துச் சொச்சத்தைப் படித்து ரிச்சர்ட் ஹாலக் நூலாக்கியது 1969இல். ஆனால் அந்தத் தாமதத்தின் உள்ளே என்ன நடந்தது என்று பாருங்கள். ஏலமிய மொழியில், சின்னச் சின்ன ஏடுகளில், இன்ன தொழிலாளிக்கு இவ்வளவு தானியம், இன்ன பெண்ணுக்கு இவ்வளவு மது என்று எழுதிய படிக்கணக்கு அது. பேரரசன் தாரியஸின் பெருமை பாடும் கல்வெட்டல்ல, கூலிக்கணக்கு. அதன்முன் ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். பாரசீக வரலாற்றின் முகமே அந்தப் படிக்கணக்கால் மாறியது. உறையூரிலோ புகாரிலோ கிடைத்த பானையோட்டுக் கீறல்களுக்காக அப்படி ஒருவர் உட்கார்ந்திருக்க நாம் சம்பளம் கொடுப்போமா? ‘எத்தனை ஆண்டு பழசு?’ என்று கேட்டுவிட்டு எழுந்து போயிருப்போம்.

அதே ஈரானில் நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் ஒன்று உண்டு. சூசா. 1897இல் ழாக் த மோர்கன் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே வந்தார். சுரங்கப் பொறியாளர். நாகரிகத்தின் தோற்றுவாயைக் கண்டுபிடிக்க வேண்டும், அதாவது மிகமிகப் பழையதை எட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. மேட்டை ஐந்தைந்து மீட்டராகப் பாளம் பாளமாக வெட்டி, நூற்றுக்கணக்கான கூலியாட்களை வைத்துத் தள்ளுவண்டிகளில் மண்ணை அள்ளிக் கொட்டினார். பச்சைச் செங்கற் சுவர்களை மண்ணோடு மண்ணாய் வெட்டித் தள்ளினார்கள். பிற்காலத்து மக்கள் வாழ்ந்த தடமெல்லாம் வண்டியேறிப் போயின. ஹம்முராபியின் சட்டத்தூண் 1901-02 குளிர்காலத்தில் அங்கேதான் கிடைத்தது, பாரிசுக்குப் போனது. 1900இல் போட்ட ஒப்பந்தப்படி சூசாவில் கிடைப்பதெல்லாம் பிரான்சுக்கே. தங்குவதற்கு அவர்கள் கட்டிக்கொண்ட கோட்டையில் பழங்காலச் செங்கற்களையே வைத்துக் கட்டினார்கள். பழமையின்மேல் அவருக்கிருந்த பேராசைதான் பழைய நகரத்தை அழித்தது. நம்மிடம் தள்ளுவண்டி இல்லை. தலைப்புச் செய்தி இருக்கிறது. மேலேயுள்ள அடுக்குகளை மதிக்காமல் அடியிலுள்ள எண்ணுக்குத் தாவும் மனம் ஒன்றேதான்.

செங்கல்லைத் திருடிக் கட்டுவது பிரெஞ்சுக்காரர்களின் தனிக்குணமும் அல்ல. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை எழுந்தபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருச்சுற்று மதிற்கற்கள் பெயர்க்கப்பட்டு அணைக்குப் போயின. டெல்டா விவசாயி இன்றும் ஆர்தர் காட்டன் பெயரை நன்றியோடு சொல்வான், அதில் நியாயமுண்டு. கீழணை பாய்ச்சிய நெல்லை உண்டு வளர்ந்தவர்கள் நாங்களும். ஆயினும் ராஜேந்திரன் எடுத்த மதில், ஆற்றுக்குள் அணையாய்க் கிடக்கிறது. நாகப்பட்டினத்தில் சீன கோபுரம் என்று மாலுமிகள் அழைத்த செங்கற் கோபுரம் ஒன்று நின்றது. சோழர் காலத்துப் பௌத்த விகாரங்களின் மிச்சம். வால்டர் எலியட் 1846இல் அதைப் பார்த்து, பின்னர் அதைப்பற்றி எழுதினார். 1867இல் சென்னை அரசின் அனுமதியோடு அது இடிக்கப்பட்டது. கடாரத்து அரசன் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை ராஜராஜன் பள்ளிச்சந்தமாய் விட்ட செப்பேடு டச்சுக்காரர் கைப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊருக்குச் சாட்சி சொன்ன ஏடு ஐரோப்பாவுக்குப் போயிற்று. ஏடு சாட்சி சொன்ன கட்டடத்தின் சுற்றுவட்டம் தரைமட்டம்.

அதற்குப் பதினோரு ஆண்டு முன்பு, 1856இல், அதே இடத்தில் ஓர் இலுப்பை மரத்தை வெட்டியபோது அடியில் புத்தர் படிமங்கள் கிடைத்தன. அடுத்த முக்கால் நூற்றாண்டில் நாகையில் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் மண்ணிலிருந்து வந்தன, டி.என். ராமச்சந்திரன் 1954இல் அவற்றுக்கு நூல் எழுதினார். எல்லாம் பள்ளம் வெட்டியதில் கிடைத்தவை. காவிரிப்படுகையின் தொல்லியல் வரலாற்றை ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் ‘தற்செயல்’ என்றுதான் சொல்வோம். தஞ்சைக் கலைக்கூடத்தில் நாம் மணிக்கணக்கில் நின்று பார்க்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவர்தாம். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் படிமங்களும் தேவாரம் எழுதிய நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. யாகசாலை பத்தடி தள்ளி அமைந்திருந்தால் அவை இன்னும் உள்ளேயே இருந்திருக்கும். எண்ணெய்க்காக இதே மண்ணில் ஆயிரக்கணக்கான மீட்டர் துளைத்தவர்கள் நாம். புதைந்த ஊருக்காக ஐந்து மீட்டர் இறங்க மனம் வரவில்லை.

கடலுக்கு மட்டும் மனம் வருகிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம், எஸ்.ஆர். ராவின் வழிகாட்டுதலில், 1980களின் இறுதியிலிருந்து பூம்புகார்க் கடலில் ஆய்வு செய்தது. நல்ல வேலை. கரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாட வடிவில் ஒரு கட்டமைப்பு தட்டுப்பட்டது. அவ்வளவு ஆழம் தரையாக இருந்தது எப்போது என்று கடல்மட்டக் கணக்குப் போட்டு ஹான்காக் பதினோராயிரத்துக்குப் போனார். கடல்மட்டக் கணக்கு சொல்வது இடம் நீருக்குள் போன காலத்தை. அங்கே கிடப்பது மனிதன் கட்டியதா, கட்டினால் எப்போது என்பதை அது சொல்லாது. அதற்குப் பானையோடு வேண்டும், கரி வேண்டும், அடுக்கு வேண்டும். அந்த எச்சரிக்கையெல்லாம் தொலைக்காட்சியில் எடுபடவில்லை.

அதே கடலாய்வாளர்கள் 19 மீட்டர் ஆழத்தில் ஓர் உடைந்த கப்பலையும் கண்டார்கள். அதிலிருந்த ஈயக்கட்டிகளில் 1791, 1792 என்று ஆண்டும் டபிள்யூ. பிளாக்கெட் என்ற பெயரும் பொறித்திருந்தன. இங்கிலாந்து ஈயம். அதாவது சோழர் போய் ஐந்நூறாண்டு கழிந்த காலத்திலும் இந்தக் கரையோரமாக எங்கோ சரக்கு போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒரு புயலில் மாலுமிகள் இங்கே செத்தார்கள். ஆண்டு போட்டுப் பெயர் எழுதி நம் கையில் கிடைத்த உறுதியான சாட்சி இது. எத்தனை பேருக்குத் தெரியும்? இருநூறு ஆண்டுப் பழமை நமக்குக் காசு பெறாது.

2025 செப்டம்பரில் பூம்புகார் முதல் நாகப்பட்டினம் வரையிலான கடற்பகுதியில் மாநில அரசு புதிய ஆழ்கடல் ஆய்வைத் தொடங்கியது. வரவேற்கிறோம், மனப்பூர்வமாகவே. ஆனால் கரையில் உள்ளதைக் கண்டுகொள்ளாமல் கடலுக்குள் தேடுவது, வாசலில் தொலைத்ததை விளக்கு வெளிச்சமுள்ள தெருமுனையில் தேடிய கதையாகிவிடக் கூடாது. புகார் கடல்கொண்ட ஊர் என்பது மணிமேகலை சொன்னது. இந்திரவிழா மறந்ததற்குத் தெய்வம் இட்ட சாபம் என்று காரணமும் அதுவே சொல்லும். காப்பியத்தை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. அதை நிலவியல் அறிக்கையாகப் படிப்பவர்கள்தாம் காப்பியத்தைக் குறைக்கிறார்கள். கடல் கொண்டது போக எஞ்சிய ஊர் பல கிலோமீட்டருக்கு நெல்வயலுக்கடியில் இருக்கிறது என்பதை 1963-73 குழிகளே காட்டிவிட்டன. தமிழகத் தொல்லியல் துறை 1990களில் மீண்டும் சில குழிகள் இட்டது. தொடர்ச்சி இல்லை.

தொடர்ச்சி இல்லாததற்கு ஓர் எளிய காரணத்தை, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், கீழையூர்ப் பக்கம் வரப்பில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டோம். மாயவரத்திலிருந்து பஸ் பிடித்து நால்வர் போயிருந்தோம். அறுப்புக்கு நின்ற சம்பா. பம்புசெட்டு ஓரத்தில் துவைகல்லுக்கு முட்டுக்கொடுத்து ஒரு செங்கல் கிடந்தது. இக்காலச் செங்கல்லைவிட ஒன்றரைப் பங்கு நீளம், தட்டையாக, ஓரம் மழுங்கி. எங்கே கிடைத்தது என்று கேட்டோம். வயலுக்குச் சொந்தக்காரரான பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பிங்க ஆபீஸா?”

“இல்லீங்க ஐயா, சும்மா பாக்க வந்தோம். படிக்கிறவங்க.”

“அப்ப சரி. ஏர் ஓட்டறப்ப வரும். நெறைய வரும். வெளிய சொன்னா நெலம் போயிடும்னாங்க. அதான் மூடிட்டோம்.”

இதற்கு நாங்கள் என்ன பதில் சொல்ல முடியும்? 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி கேட்க வேண்டும். சட்டம் சின்னத்தைக் காக்கிறது, நியாயம்தான். புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லச் சொல்வது 1878ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே சொல்லியாக வேண்டும். இரண்டையும் காதால் மட்டும் கேட்டிருக்கும் ஒருவர், உறைகிணற்றின் வளையம் ஏர்முனையில் தட்டினால் என்ன செய்வார்? மண்ணைத் தள்ளி மூடுவார். அவரைக் குறைசொல்ல மாட்டோம். அவர் வயிற்றை மிரட்டிக்கொண்டு அவருடைய பாட்டன் பெருமையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களைக் குறைசொல்வோம்.

டெல்டாவில் தோண்டுவது மதுரைப்பக்கத் தென்னந்தோப்பில் தோண்டுவது போலவும் அல்ல. ஊற்று மேலேயே நிற்கும். சில அடி இறங்கினால் குழியில் நீர் கசியும். ஆறு நூற்றாண்டு நூற்றாண்டாகக் கொண்டுவந்து போட்ட வண்டல் பழைய தரையை ஆழத்தில் அமுக்கிவிட்டது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. தை மாசி வரை வயலில் கால்வைக்க முடியாது. தாளடி அறுத்ததிலிருந்து அடுத்த தண்ணீர் வரை நான்கு மாதம், அதிலும் உளுந்தும் பயறும் தெளித்த வயல் போக மீதி. இந்த இடைவெளிக்குப் பொருத்தமாக, சிறு சிறு குழிகளாக, ஆண்டுதோறும், ஒரே குழு இருபது ஆண்டு வேலை செய்ய வேண்டும். வயலைப் பிடுங்காமல் ஒரு போகத்துக்குக் குத்தகைக் கணக்கில் ஈடு கொடுத்து, குழியை மூடி, நிலத்தைத் திருப்பித்தர வேண்டும். உளுந்துப் போகத்தின் மதிப்பு என்ன, ஒரு கட்-அவுட்டின் மதிப்பு என்ன என்று யாராவது கூட்டிப் பார்க்கலாம்.

இதெல்லாம் சொல்லும்போது அரிக்கமேடு நினைவுக்கு வராமல் போகாது. மார்ட்டிமர் வீலர் 1945இல் தோண்டினார். 1946இல் அறிக்கை அச்சாகிக் கையில் இருந்தது. அவர் முடிவுகளில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள், குறிப்பாக 1989-92இல் அங்கே தோண்டிய விமலா பெக்லி குழுவினர், மாற்றி எழுதினார்கள். ரோமானியர் வந்து ஆரம்பித்த ஊர் அது என்ற வீலரின் எண்ணம் நிற்கவில்லை. அவர்கள் வருமுன்பே அங்கே ஊர் இருந்தது. மாற்றி எழுத முடிந்ததற்குக் காரணம், மாற்றுவதற்கு ஓர் எழுத்து இருந்ததுதான். குழியின் வெட்டுமுகப் படம் இருந்தது. பதினைந்தாயிரம் ஆண்டை எவரும் மறுக்கவும் முடியாது, ஒப்பவும் முடியாது. ஏனென்றால் மறுப்பதற்குக் குழியே இல்லை.

எனவே இலக்கிய அன்பர்களிடம் எங்களுக்குச் சில கேள்விகள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் 90ஆம் நினைவேட்டைப் புரட்டியிருக்கிறார்கள்? மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் எங்கே இருந்திருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், கீழையூர்க் குழியின் வரைபடத்தை ஒரு தடவையாவது பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா? சிறுபத்திரிகைகளில் தெரிதாவுக்குச் சிறப்பிதழ் வந்திருக்கிறது, போர்ஹேஸுக்கு வந்திருக்கிறது. அகழாய்வு அறிக்கை ஒன்றைத் தமிழில் பெயர்த்து, படங்களோடு, பத்துப் பக்கம் போட எந்த இதழுக்கு மனம் வந்தது? எங்கள் பக்கத்தையும் சேர்த்தே கேட்கிறோம். இத்தனை நாளில் நாங்களும் செய்யவில்லை. நண்பர்கள் இருவர் அந்த நினைவேட்டின் வானகிரிப் பகுதியை மொழிபெயர்க்க உட்கார்ந்திருக்கிறார்கள், சொற்களுக்குத் திண்டாடுகிறார்கள். கொத்தனாரிடம் போய்க் கேளுங்கள் என்று அனுப்பியிருக்கிறோம்.

அன்று கிளம்பும்போது பெரியவர் அந்தச் செங்கல்லைக் காட்டி, “இது எத்தன வருசம் இருக்கும்? டிவியில பதினஞ்சாயிரம்னு சொன்னாங்களே” என்று கேட்டார். இரண்டாயிரம் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம், தோண்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றோம். அவர் முகத்தில் சிறு ஏமாற்றம் தெரிந்தது. பிறகு வயலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அறுத்துட்டு உளுந்து போடறதா இல்ல இந்த வருசம். மாசி பத்துக்கு மேல வாங்க. அந்தக் கெழக்கு மூலையில மண்வெட்டி எறங்காது, காட்டுறேன்.”